ஊஞ்சலுக்கு முன் தரை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று நாம் சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். குழந்தைகளைப் பொறுத்தவரையில் நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. பாரதியார் பாப்பாவுக்குப் பாட்டு எழுதியபோது விளையாட்டைத்தான் முதலில் வைத்தார். படிப்பு பிறகுதான் வருகிறது. பெரியவர்களோ வரிசையை மாற்றி வைத்துக்கொண்டு, படிப்பெல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் விளையாடலாம் என்கிறார்கள். (நேரம் மிஞ்சுவதே இல்லை என்பதைப் பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.)

உலக நாடுகளும் இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே கூறுகிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. 2006இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்றது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வழிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. நம் நாடு அதை 2007ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் உறுதிசெய்தது. பிறகு 2016இல் நமது நாடாளுமன்றமே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. கல்விக்கூடங்கள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதோடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. கல்வி, வழிபாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குப் பயன்படும் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஐந்தாண்டுகளுக்குள் அவர்கள் வந்துபோகத்தக்கவையாக மாற்றவேண்டும் என்றும் அச்சட்டத்தில் கெடு விதிக்கப்பட்டது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. ஆகவே 2022 ஜூனோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது.

எழுத்தில் இவ்வளவு இருக்கிறதே, ஏட்டில் உள்ள சர்க்கரை இனிக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், தோழியரே, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். விளையாடுவதற்காகப் போகவேண்டாம், ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவதாக எண்ணிக்கொண்டு போங்கள்.

நான் அறிந்த ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லா ஊர்ப் பூங்காக்களும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கின்றன. வாயிலில் பெரிய வளைவு. வளைவின் மேல் திறந்துவைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வரவேற்றவர் பெயர். வளைவின் கீழ் மூன்று படிகள். படிகளைத் தாண்டினால் வளைந்து வளைந்து போகும் ஓர் இரும்புக் கதவு. மாடும் மோட்டார் சைக்கிளும் உள்ளே வராமல் இருப்பதற்காக வைத்த கதவு அது. மாடு வரவில்லை, வாஸ்தவம்தான். சக்கர நாற்காலியும் வர முடியாது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாயும் வர முடியாது. உள்ளே ஒரு நீரூற்று உண்டு. திறப்பு விழாவன்று அதில் தண்ணீர் வந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிமெண்டில் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் உண்டு. ஊஞ்சலும் சறுக்குமரமும் சீசாப் பலகையும் ஒரு மூலையில் கணுக்கால் புதையும் மணலில் நிற்கின்றன.

அந்த மணலைப் பற்றித்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் திடல் வேண்டும் என்று எவரேனும் சொன்னால், உடனே நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு விசேஷமான ஊஞ்சல். வெளிநாட்டுப் படங்களில் பார்த்திருப்போம். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறி ஆடும் ஊஞ்சல். அதற்கு நன்கொடை கேட்டால் கொடுக்கவும் மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஊஞ்சலை வாங்கி, வண்ணம் பூசி, 'உபயம்' என்று பெயர் எழுதி நட்டும் விடுகிறார்கள். ஆனால் அந்த ஊஞ்சல் வரை குழந்தை எப்படிப் போய்ச்சேரும்? சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் மிகச் சிறியவை; மணலில் இரண்டடி போவதற்குள் புதைந்து நின்றுவிடும். பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் உட்கார்ந்திருக்கும் குழந்தை முன்பக்கமாக விழும். ஊன்றுகோலோடு நடக்கும் குழந்தைக்கும் இதே கதிதான். கோல் ஒரு பக்கம் இறங்க, உடல் ஒரு பக்கம் சாயும். கண் தெரியாத குழந்தைக்கு வெள்ளைக்கோலின் நுனி மணலில் ஒன்றும் சொல்லாது. ஆக, ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய ஊஞ்சலைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி ஒன்றுதான் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கிறது. இப்படிப்பட்ட திடலுக்கு நிதி கேட்பவர்களும் கொடுப்பவர்களும் ஊஞ்சலை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, தரைக்கும் வழிக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

கோயில் மண்டபத்தில் ட்யூப்லைட் கொடுத்தவர் அதன்மேல் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிட்டார் என்று நாமெல்லாம் சொல்லிச் சிரிப்பதுண்டு. நம் தேவாலயப் பெஞ்சுகளும் அதற்கு விலக்கல்ல. கொடுத்தவரின் பெயர் இருப்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. பெயர் எழுத இடமுள்ள பொருளுக்கே பணம் வருகிறது என்பதுதான் சங்கடம். தரையில் யாரும் பெயர் எழுதுவதில்லை. எழுதினாலும் மிதிபட்டு அழிந்துபோகும். ஆகவே தரைக்குப் பணம் வருவதில்லை.

வெறும் தரை ஒன்று மட்டுமே என்ன செய்யும் என்பதற்குச் சென்னை மெரினாக் கடற்கரையே சாட்சி. சக்கர நாற்காலியில் செல்வோர் கடலலை வரையில் போவதற்காக அங்கே 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 2022 நவம்பர் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. செலவு 1 கோடியே 14 இலட்சம் ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டருக்கு 43,000 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. அங்கே ஊஞ்சல் இல்லை, ராட்டினம் இல்லை, சிமெண்டு ஒட்டகச்சிவிங்கியும் இல்லை. பாதை ஒன்றுதான். அந்தப் பாதை வந்த பிறகு, சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, கடலைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தவர்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் காலை நனைத்துக்கொண்டார்கள். அதற்குமுன் ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் 3ஆம் நாளாகிய உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்கள் தற்காலிகமாக ஒரு பாதை விரிப்பார்கள். பிறகு சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள். கடல் என்ன, டிசம்பரில் மட்டுமா இருக்கிறது?

அதே மரப்பாதை இன்னொன்றையும் நமக்குக் கற்றுத்தருகிறது. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது அலைகள் மோதிப் பாதையின் ஒரு பகுதி உடைந்தது. இதைக் கேட்டு, "பார்த்தாயா, இதற்குத்தான் வீண்செலவு வேண்டாம் என்றோம்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சாலை ஒவ்வொரு மழைக்கும் உடைகிறது. அதற்காகச் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மரப்பாதையும் பழுதுபார்க்கப்பட்டது. ஆகவே திடலுக்கு நிதி திரட்டும்போதே பழுதுபார்க்கவும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும். சங்கிலி அறுந்த ஊஞ்சல்களையும், அடியில் ஓட்டை விழுந்த சறுக்குமரங்களையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிய செய்தியன்று.

சரி, தரை என்றால் எப்படிப்பட்ட தரை? இதில் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் சக்கரம் நன்றாக உருளும். ஆனால் சறுக்குமரத்திலிருந்து விழும் குழந்தையின் மண்டை உடையும். மணலில் விழுந்தால் அடிபடாது. ஆனால் சக்கரம் உருளாது. இரண்டையும் செய்யக்கூடியது ரப்பர் தரை. அது விலை அதிகம். அது போதாதென்று நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெறுங்காலை வைத்தால் தோசைக்கல்தான். எனவே முழுத் திடலையும் ரப்பரால் மூட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வாயிலிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக் கருவி வரைக்கும் மேடுபள்ளமில்லாத, நாலடிக்குக் குறையாத சிமெண்டுப் பாதை. குழந்தைகள் விழக்கூடிய இடங்களில் மட்டும் ரப்பர். அதன் தலைக்குமேல் ஒரு வேம்போ புங்கமரமோ. உயரமான இடத்துக்குப் படிக்குப் பதிலாகச் சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு. பல கட்டடங்களில் ஒப்புக்காகக் கட்டிவைத்திருக்கும் செங்குத்தான சாய்தளங்களில் இரும்பு வண்டியைக்கூட மேலே ஏற்ற முடியாது. குழந்தையை எப்படி ஏற்றுவது? இந்த ஓரளவு அறிவு கொத்தனாருக்கு இருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து எதையும் தருவிக்க வேண்டியதில்லை.

தரை சரியான பிறகு கருவிகளைப் பற்றிப் பேசலாம். சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அது கனமானது, குறுக்கே ஓடும் சிறு பிள்ளைமேல் மோதினால் ஆபத்து. அதனால் அதைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டி, சாவியைக் காவலாளி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. காவலாளி டீ குடிக்கப் போயிருந்தால் அன்றைய விளையாட்டு அதோடு சரி. அதைவிட, வட்டமான வலை ஊஞ்சல் நல்லது. மூன்று நான்கு பேர் ஒன்றாகப் படுத்துக்கொண்டு ஆடலாம். முதுகைத் தாங்க முடியாத குழந்தையும் அதில் படுத்துக்கொள்ளலாம்; நடக்கத் தெரிந்த குழந்தையும் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். யார் யாரென்று பார்ப்பவருக்குத் தெரியாது. தரையோடு தரையாகப் பதித்த சுழல்மேடை இன்னொன்று. நாற்காலியை நேராக அதன்மேல் உருட்டிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டால் எல்லோரோடும் சுற்றலாம். மணலில் வீடு கட்டும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டல்லவா? மணலை மேசைபோன்ற தொட்டியில் உயர்த்தி வைத்து, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால், உட்கார்ந்தபடியே வீடு கட்டலாம்.

கால் இயலாதவர்களை மட்டும் நினைத்துக்கொண்டு திடல் அமைப்பதும் தவறு. சட்டத்தில் 21 வகைகள் இருப்பதை முன்பே சொன்னேன். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரைச்சல் தாங்காது; கூட்டத்திலிருந்து விலகி உட்கார ஒரு சின்னக் கூடாரமோ கொடிப்பந்தலோ வேண்டும். சில குழந்தைகள் திடீரென்று சாலையை நோக்கி ஓடிவிடுவார்கள். அவர்களுடைய அம்மாமார்களுக்கு ஊஞ்சலைவிட, சுற்றிலும் வேலியும் ஒரே ஒரு வாயிலும் இருப்பது பெரிய நிம்மதி. காது கேளாத குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் சறுக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அக்கருவியின் வெளிப்பகுதியைப் பாதிக்கலாம் என்பதால், அதைக் கழற்றிவைத்துவிட்டு ஆடும்படி எச்சரிப்பதுண்டு. கழற்றினால் காது கேட்காது. அப்படியானால் நிழலில் வைத்த எவர்சில்வர் சறுக்குமரம் ஒன்று இருந்தால் நல்லதல்லவா? இதையெல்லாம் அந்தந்தக் குழந்தைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்குச் செலவில்லை.

பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல் எல்லாம் இருக்கின்றனவே, உட்கார்ந்தபடி ஆடுவதற்கு அவை போதாதா என்று என் பாட்டி கேட்டார்கள். பல்லாங்குழியில் என் பாட்டியை யாரும் ஜெயிக்க முடியாது. அதனால் அந்த யோசனை அவர்களுக்குத் தோன்றியது இயல்பே. நிழலில் ஒரு மேடை கட்டித் தாயக்கட்டம் வரைந்துவைப்பது மிக நல்ல ஏற்பாடுதான், செலவும் குறைவு. கண்ணாமூச்சி ஆட்டத்திலோ கண் தெரியாத தோழி ஒருத்தி இருந்தால் நம் எல்லோரையும் தோற்கடித்துவிடுவாள். ஆனால் இவை போதும் என்று சொல்லிவிட முடியாது. ஊஞ்சல் உயரே போகும்போது வயிற்றில் ஒரு மாதிரி இருக்கிறதே, முகத்தில் காற்று அடிக்கிறதே, அது பல்லாங்குழியில் கிடைக்குமா? நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கிற குழந்தைக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும்.

"இவ்வளவு செலவு செய்தால் எத்தனை குழந்தைகள் வரப்போகிறார்கள்?" இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அதுவும் 21 வகைகள் கொண்ட புதிய சட்டம் வருவதற்கு முன் எடுத்த கணக்கு. இவ்வளவு பேர் இருந்தும் பூங்காவில் நாம் ஒருவரையும் பார்ப்பதில்லையென்றால், அவர்கள் இல்லை என்பதா பொருள்? ஆற்றில் பாலம் இல்லாத இடத்தில் யாரும் அக்கரைக்குப் போகவில்லை. ஆகவே பாலம் தேவையில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது. மேலும் நல்ல வழி இருந்தால் கைத்தடியோடு தாத்தா வருவார். காலில் கட்டுப் போட்ட பையன் வருவான். கர்ப்பிணிப் பெண்கள் வருவார்கள். ஐஸ் வண்டிக்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார்.

வேறு சிலர், இத்தகைய குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பூங்கா கட்டிவிடலாமே என்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். சில தாய்மார்களும் அதையே விரும்பக்கூடும். பொது இடத்தில் பிள்ளையை எல்லோரும் உற்றுப் பார்க்கும் வேதனை அவர்களுக்குத்தான் தெரியும். எனினும் நான் இதற்கு உடன்படவில்லை. உற்றுப் பார்ப்பது முதல் நாள்தான். பத்தாம் நாள் "உன் முறை முடிந்தது, இறங்கு" என்று சண்டை வந்துவிடும். சண்டை வந்துவிட்டால் சிநேகிதம் வந்துவிட்டது என்று பொருள். தனிப் பூங்காவில் அந்தச் சண்டைக்கு இடமேது?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அண்டோனியோ நகரில் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்ற பூங்கா இருக்கிறது. வீடு கட்டும் தொழில் செய்துவந்த கார்டன் ஹார்ட்மன் என்பவர், தம் மகள் மார்கனோடு மற்றக் குழந்தைகள் விளையாடத் தயங்கி விலகிப் போனதைக் கண்டு மனம் நொந்து அதை உண்டாக்கினார். 2010இல் திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே நுழைவுக்கட்டணம் கிடையாது; ஆனால் எல்லோரும் வரலாம். அந்தத் தகப்பனாரின் அன்பை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. ஆயினும் நாட்டுக்கு ஒரு பெரிய பூங்கா நமக்கு எதற்கு ஆகும்? ஆண்டுக்கு ஒருநாள் சுற்றுலா போய்வரலாம். விளையாட்டு என்பது தினமும் மாலை ஐந்து மணிக்குத் தெருக்கோடியில் நடக்க வேண்டியது. நமக்கு ஏற்ற முன்மாதிரி பெங்களூரில் இருக்கிறது. அங்கே இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் சிலர் கூடி 'கிலிகிலி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கன்னடத்தில் குழந்தையின் கலகலச் சிரிப்பைக் குறிக்கும் சொல் அது. அவர்கள் புதிதாக நிலம் வாங்கவில்லை. மாநகராட்சியோடு சேர்ந்து, ஏற்கெனவே இருந்த கோல்ஸ் பூங்காவையே எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றதாக 2006இல் மாற்றினார்கள். இருக்கிற பூங்காவைத் திருத்துவது புதிதாகக் கட்டுவதைவிடச் சிக்கனம்; அதிலே வளைவும் திறப்பு விழாவும் இல்லை என்பதுதான் குறை போலும்.

பணத்துக்கு எங்கே போவது? நம் மாநிலத்து விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர்கள், சாலைகள் நீங்கலாக, 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். ஆக நிலம் இருக்கிறது. பல ஊர்களில் அதில் சீமைக்கருவேல் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2021இல் மீண்டும் தொடங்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில், பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும் என்று ஏற்பாடு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர இலாபம் பெறும் கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டு இலாபத்தின் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமானது நகராட்சியின் சொந்தப் பணம். நன்கொடையால் மட்டும் கட்டினால் அது தர்மம் ஆகிவிடும். தர்மம் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். மற்றப் பிள்ளைகளின் ஊஞ்சல் வரிப்பணத்தில் வருகிறதே! மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் அப்பாவும் அதே வீட்டுவரியைத்தான் கட்டுகிறார்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நம் எல்லோருக்கும் தெரியும். கப்பர்நாகூமில் ஆண்டவர் இருந்த வீட்டில் நெருங்க முடியாத கூட்டம். திமிர்வாதக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்த நால்வர், வாசல் வழியே போக முடியாமல், கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள். மறைக்கல்வி வகுப்பில் அந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. வாசலை மறைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூடச் சற்று விலகி வழிவிடவில்லையே, ஏன்? அவர்கள் கெட்டவர்கள் அல்லர். போதனை கேட்க வந்த பக்தர்கள்தாம். திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவே. அவர்கள் விலகியிருந்தால் ஒருவர் வீட்டுக் கூரை பிழைத்திருக்கும்.

இனி நம் பள்ளியின் விஷயத்துக்கு வருகிறேன். அருட்சகோதரிகள் பொறுத்தருள்வார்களாக.

பத்தாம் வகுப்பினர் தேர்வெழுதிப் பிரியுமுன் பள்ளிக்கு ஒரு நினைவுப் பரிசு தருவது பல ஆண்டு வழக்கம். அரங்கிலுள்ள கடிகாரம், கெபியைச் சுற்றியுள்ள மின்விளக்குகள், நூலகத்துப் பீரோ எல்லாம் அப்படி வந்தவை. இவ்வாண்டு தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு புது ஊஞ்சல் தருவோம் என்று எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் சொன்னார்கள். நான் எழுந்து வேறு சொன்னேன்.

மூன்றாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் சிறுமியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு வேளையில் அவள் வராந்தாவின் ஓரத்தில் இருப்பாள். மற்றக் குழந்தைகள் தங்கள் தண்ணீர்ப் பாட்டில்களையும் செருப்புகளையும் அவளிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். யார் பாட்டில் எது என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. எல்லோருக்கும் அவள்மேல் பிரியம். அவளை யாரும் கேலி செய்வதும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக அவளுடைய விளையாட்டு, பாட்டில்களுக்குக் காவல் இருப்பதுதான். இன்னும் ஓர் ஊஞ்சலை நாம் மணலில் நட்டால், அவள் காவல் காக்க இன்னும் சில பாட்டில்கள் சேரும்.

வகுப்பில் வாதம் பலமாக நடந்தது. பாதையில் எங்கள் ஆண்டைப் பொறித்து வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து வருடம் படித்த இடத்தில் நம் பெயர் இருக்க வேண்டுமென்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர்கள் குனிந்துதானே தள்ளுவார்கள், அவர்கள் படிப்பார்கள் என்று இன்னொருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். கடைசியில் 41 பேரில் 29 பேர் பாதைக்குக் கை தூக்கினார்கள். தலைமையாசிரியைச் சகோதரியும் அனுமதி தந்தார்கள். வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் கொத்தனார் வேலை செய்பவர். ஒரு சனிக்கிழமை வந்து நூல் பிடித்து அளந்தார். வராந்தாவின் ஒற்றைப் படிக்குச் சாய்தளம் போட்டு, அங்கிருந்து வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ஊஞ்சல் வரைக்கும் மொத்தம் 80 அடி. கூலியில் பாதி தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிமெண்டு, ஜல்லி, மணல் விலை நம்முடையது.

எங்கள் பணம் 58 அடிக்குத்தான் வருகிறது. அது வேப்பமரம் வரைக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் ஊஞ்சலின் கீழே ரப்பர் விரிப்புப் போடுவது பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறது. வேப்பமரத்திலிருந்து ஊஞ்சலுக்கு இன்னும் 22 அடி மணல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அடுத்த ஆண்டு உங்கள் முறை. அவள் அப்போது நான்காம் வகுப்பில் இருப்பாள்.